ஜான் பாய்ட் டன்லப்: டயருக்குள் காற்றை அடைத்த கால்நடை மருத்துவர் – அந்தக் காற்று அளவை மீறினால் என்ன ஆகும்?

பெட்ரோல் பங்கில் காத்து பிடிக்கும் இடத்தில் தினமும் நடக்கிற விஷயம் இது. கார் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 33 என்று சொல்லும். வண்டி ஓட்டுபவர் 40 வைக்கச் சொல்வார். நெடுந்தூரப் பயணம், முழு லோடு, மைலேஜ் கிடைக்கும், அடிக்கடி வர வேண்டாம் என்று அதற்குக் காரணங்கள் நிறைய இருக்கும். குறைவாக இருந்தால்தான் ஆபத்து, கூடுதலாக இருந்தால் நல்லதுதான் என்பது நம் ஊரில் பலரின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை ஏன் தவறு என்பதைப் புரிந்துகொள்ள, சக்கரத்துக்குள் காற்று எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதை வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் ஒரு பொறியாளர் அல்ல. மாடு, குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவருடைய பெயர் ஜான் பாய்ட் டன்லப். உலகம் முழுக்க டயர்களில் அச்சான அந்தப் பெயருக்குரிய மனிதரின் கதை, பலர் நினைப்பது போல ஒரு தொழிலதிபரின் வெற்றிக் கதை அல்ல.

பலவீனமானவன் என்று நம்பிய மனிதர்

டன்லப் 1840 பிப்ரவரி 5 அன்று ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் உள்ள டிரெகார்ன் என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். இரண்டு மாதம் முன்னதாகவே, குறைமாதக் குழந்தையாகப் பிறந்ததாக அவரிடம் சொல்லி வளர்த்தார்கள். அதனால் தனக்கு உடல் வலு இல்லை என்று வாழ்நாள் முழுக்க நம்பினார், உடம்பைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார். வேடிக்கை என்னவென்றால், 81 வயது வரை அவருக்குப் பெரிய நோய் எதுவும் வரவில்லை.

எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். 19 வயதிலேயே தகுதி பெற்றுவிட்டார். சில ஆண்டுகள் அங்கே வேலை பார்த்த பிறகு, 1867-ல் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனார். சகோதரர் ஜேம்ஸுடன் சேர்ந்து டவுன்பேட்ரிக் ஊரில் மருத்துவமனை நடத்தினார். 1871-ல் மார்கரெட் ஸ்டீவன்சனைத் திருமணம் செய்துகொண்டார். ஒரு மகள், ஒரு மகன்.

பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவத் தொழிலை நிறுவினார். 1880களின் நடுப்பகுதியில் அது அயர்லாந்தின் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்றாக வளர்ந்திருந்தது. அதாவது, டயர் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவர் வாழ்க்கையில் வென்ற மனிதர். வயது 47. தாடி வைத்த, கண்டிப்பான, அதிகம் பேசாத மருத்துவர்.

அந்தக் காலத்து போக்குவரத்து என்றால் குதிரைதான். கல் பாவிய தெருக்களில் இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் கடகடவென்று உருளும். அதிர்வு முழுவதும் வண்டிக்கும், அதை இழுக்கும் விலங்குக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் போகும். குதிரைகளின் கால்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது.

கொல்லைப்புறத்தில் ஒரு சோதனை

பெல்ஃபாஸ்ட் தெருக்களில் அவருடைய மகன் ஜானி மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். சக்கரத்தில் கெட்டி ரப்பர் பட்டைதான் இருக்கும். கற்கள் மேல் ஏறி இறங்கும்போது உடம்பெல்லாம் குலுங்கும், வேகமும் வராது. மற்ற பையன்களை முந்த வேண்டும் என்பது ஜானியின் ஆசை. இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று அப்பா யோசித்தார்.

1887 அக்டோபரில் சோதனையைத் தொடங்கினார். மருத்துவத் தொழிலில் ரப்பரைக் கையாண்ட அனுபவம் அவருக்கு இருந்தது. மெல்லிய ரப்பர் தாளை ஒட்டி ஒரு குழாய் செய்தார். சுமார் 96 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மரத் தட்டை எடுத்து, அதன் விளிம்பைச் சுற்றி அந்தக் குழாயை வைத்து, மேலே லினன் துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்று ஏற்றினார். அவ்வளவுதான். பெல்ஃபாஸ்ட் லினன் துணிக்குப் பேர் போன ஊர் என்பதால் பொருளுக்குப் பஞ்சமில்லை.

பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். ஒரு கையில் ஜானியின் பழைய சைக்கிள் சக்கரம், இன்னொன்றாக இந்தக் காற்றுச் சக்கரம். இரண்டையும் கற்கள் பாவிய முற்றத்தில் உருட்டி விட்டார். பழைய சக்கரம் பாதி வழியிலேயே தள்ளாடி விழுந்தது. காற்றுச் சக்கரம் முற்றம் முழுவதையும் கடந்து போய், வாசல் கம்பத்தில் மோதித் திரும்பியது.

ஏன் அப்படி? கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் மேலே ஏறிக் கீழே விழ வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகத்தை இழக்கிறது. காற்றுள்ள சக்கரமோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. மேடு வந்தால் டயர் அந்த இடத்தில் மட்டும் அமுங்குகிறது, சக்கரத்தின் நடுப்புள்ளி ஏறக்குறைய நேர்கோட்டிலேயே போகிறது. எனவே, காற்று டயரின் அடிப்படைக் குணம் உறுதியாக நிற்பது அல்ல. அளவோடு அமுங்கிக் கொடுப்பதுதான். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1888 தொடக்கத்தில் ஜானியின் சைக்கிளுக்குக் காற்று டயர் வந்துவிட்டது. அடுத்து பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளிலும் பொருத்திப் பார்த்தார். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

கேலி செய்தவர்கள் வாயடைத்த நாள்

பெல்ஃபாஸ்டில் வில்லி ஹியூம் என்ற சைக்கிள் பந்தய வீரர் இருந்தார். உள்ளூர் சைக்கிள் கிளப்பின் கேப்டன். பெரிய வெற்றிகள் எதுவும் இல்லாதவர். டன்லப்பின் டயர் போட்ட சைக்கிளை அவர் வாங்கினார். 1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டியில் அந்த சைக்கிளுடன் இறங்கினார். தடித்த, குண்டான அந்த டயரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. போட்டி முடிந்தபோது, நான்கு சைக்கிள் பந்தயங்களிலும் முதலிடம் ஹியூமுக்கு. சில நாட்களில் லிவர்பூலுக்குப் போனார். அங்கே ஒரே ஒரு பந்தயம் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவரே வென்றார்.

இதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஹார்வி டு குரோ. டப்ளின் தொழிலதிபர், அயர்லாந்து சைக்கிள் வீரர்கள் சங்கத்தின் தலைவர். அவருடைய மகன்களும் பந்தய வீரர்கள். இந்த டயரில் பணம் இருக்கிறது என்று அவருக்கு உடனே புரிந்தது. 1889-ல் டப்ளினில் கம்பெனி உருவானது. டன்லப் தன் காப்புரிமையைக் கொடுத்து, பதிலுக்குக் கம்பெனியில் பங்கு பெற்றார். நிர்வாகம் டு குரோவின் கையில்.

40 ஆண்டுகளுக்கு முன்பே வந்த காப்புரிமை

அடுத்த ஆண்டே ஒரு பேரிடி. டன்லப்பின் அடிப்படைக் காப்புரிமை செல்லாது என்று தெரியவந்தது. காரணம், அதே கருத்துக்கு 1845 டிசம்பரில், அதாவது டன்லப் ஐந்து வயதுப் பையனாக இருந்தபோதே, இன்னொருவர் காப்புரிமை எடுத்திருந்தார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். பெயர் ராபர்ட் வில்லியம் தாம்சன், ஸ்டோன்ஹேவன் ஊரில் பிறந்தவர். காப்புரிமை எடுத்தபோது அவருக்கு வயது 23.

தாம்சனின் சக்கரத்தில் ரப்பர் பூசிய துணிக் குழாய், அதற்கு மேல் தோல் உறை. 1847-ல் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்கில் குதிரை வண்டிகளில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லாமல் வண்டி போனது. ஒரு ஜோடி டயர் 1,200 மைல் ஓடியதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அப்போது சைக்கிளும் பெரிதாக இல்லை, காரும் இல்லை. நல்ல ரப்பருக்கு விலை அதிகம். வாங்க ஆளில்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு மறந்தே போனது. தாம்சன் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். கெட்டி ரப்பர் டயர் போட்ட நீராவி வண்டிகளைச் செய்தார். அவற்றில் சில 1870களில் இந்தியாவுக்கும் வந்து வட இந்தியச் சாலைகளில் ஓடின. 1873-ல் 50 வயதில் தாம்சன் இறந்தார். தன் பழைய யோசனை உலகையே மாற்றப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

டன்லப் தாம்சனின் வேலையைத் திருடினாரா? அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. நாற்பது ஆண்டுகளாக யாரும் பேசாத ஒன்றை, பெல்ஃபாஸ்டில் ஒரு கால்நடை மருத்துவர் சுயமாக மறுபடி கண்டுபிடித்தார் என்பதே வரலாற்று ஆசிரியர்களின் பொதுவான முடிவு. முதலில் யோசித்தவர் தாம்சன், அதை மக்கள் கைக்குக் கொண்டுவந்தவர் டன்லப் என்று சொல்வதே நியாயம்.

அடிப்படைக் காப்புரிமை போன பிறகும் கம்பெனி பிழைத்ததற்குக் காரணம், டு குரோ வேறு காப்புரிமைகளை வாங்கிப் போட்டதுதான். டயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டும் முறைக்கு சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச், வில்லியம் பார்ட்லெட் ஆகியோர் வைத்திருந்த காப்புரிமைகள் அவற்றில் முக்கியமானவை. டன்லப்பின் முதல் டயர் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஆனால் பெரும்பாடு. இன்று பஞ்சர் கடைக்காரர் நெம்புகோலால் டயரை ஐந்து நிமிடத்தில் கழற்றுகிறார் என்றால், அதற்கு நன்றி சொல்ல வேண்டியது இந்த இருவருக்கு.

பெயர் இவருடையது, பணம் வேறு பக்கம்

1892-ல் டன்லப் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு டப்ளினுக்குக் குடிபோனார். ஆனால் கம்பெனி நடத்தும் விதத்தில் அவருக்கு உடன்பாடு இல்லை. 1895-ல் விலகிக்கொண்டார். பெரும்பாலான பங்குகளையும் விட்டுவிட்டார்.

அடுத்த ஆண்டே, 1896-ல், டு குரோ அந்தத் தொழிலை டெரா ஹூலி என்ற நிதித் தரகரிடம் 30 லட்சம் பவுண்டுக்கு விற்றார். ஹூலி, பிரபுக்கள் சிலரை இயக்குநர்களாகக் காட்டி, அதையே 50 லட்சம் பவுண்டுக்குப் பொதுமக்களிடம் பங்குகளாக விற்றார். கைமாறியதில் மட்டும் வித்தியாசம் 20 லட்சம் பவுண்டு. யாருடைய கொல்லைப்புறத்தில் அந்த டயர் பிறந்ததோ அவருக்கு இந்தப் பெரும் பணத்தில் சொல்லிக்கொள்ளும் பங்கு இல்லை.

பெயர் மட்டும் கம்பெனியிடமே இருந்தது. முகமும் கூட. விளம்பரங்களில் அவருடைய உருவத்தைப் பயன்படுத்தினார்கள். உயரமான தொப்பி, கையில் தடி, ஒற்றைக் கண்ணாடி என்று பகட்டான ஆளாக வரைந்திருந்தார்கள். எளிமையாக வாழ்ந்த டன்லப்புக்கு இது அவமானமாகப் பட்டது. தன் பெயரைத் தாங்கிய கம்பெனி மீதே அவதூறு வழக்குப் போட்டார். அந்த வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போனது. சட்டப் புத்தகங்களில் டன்லப் எதிர் டன்லப் ரப்பர் கம்பெனி என்றே அது இன்றும் இருக்கிறது.

சைக்கிளிலிருந்து காருக்கு

காற்று டயரைக் காருக்குக் கொண்டுவந்தவர்கள் பிரான்ஸின் மிஷ்லான் சகோதரர்கள். 1895-ல் நடந்த பாரிஸ் – போர்தோ – பாரிஸ் பந்தயத்தில் காற்று டயர் போட்ட காரை அவர்கள் ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். நிர்ணயித்த நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. ஆனாலும் கார் காற்றின் மேல் ஓடும் என்பது நிரூபணமாகிவிட்டது.

காரின் எடை வந்ததும் ஒரு புதிய கேள்வி வந்தது. எவ்வளவு காற்று? டன்லப் தன் மகனின் சைக்கிளுக்குக் காற்றடித்தபோது அளவு பார்க்கக் கருவி எதுவும் இல்லை. கையால் அமுக்கிப் பார்ப்பதுதான் அளவு.

நம் ஊர் சைக்கிள்களில் பழைய வகை வால்வு ஒன்று உண்டு. அதற்குள் சின்ன ரப்பர் குழாய் போடுவோம். வால் டியூப் என்று சொல்வார்கள். உலகம் அதை டன்லப் வால்வு என்கிறது, உண்மையில் 1890களின் தொடக்கத்தில் அதை வடிவமைத்தவர் சார்லஸ் வுட்ஸ். அதில் காற்றடிப்பது எளிது. ஆனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது கடினம். கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் நம்மிடம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காரில் இருப்பது வேறு வால்வு. நியூயார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் ஷ்ராடர் 1890களில் உருவாக்கியது. நடுவில் ஒரு ஊசி இருக்கும். அதை அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று அளவுக் கருவிக்கு வரும். அதாவது காரில் அளப்பதற்கு வசதி இருக்கிறது. நாம்தான் இன்னும் சைக்கிள் காலத்துக் கட்டை விரலை நம்புகிறோம்.

ரப்பரின் விலை

இந்தக் கதையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. காற்று டயர் பரவியதும் ரப்பருக்கான தேவை எகிறியது. பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்டின் பிடியில் இருந்த காங்கோவில், ரப்பர் சேகரிக்கும் கட்டாய உழைப்பில் மக்கள் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளானார்கள். பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அங்கே பால் வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் மூலம் அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர்கள். டன்லப் கம்பெனியும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரும் தோட்டங்களை வாங்கியது.

இதில் டன்லப் என்ற மனிதருக்கு நேரடிப் பங்கு இல்லை. அவர் அதற்கு முன்பே விலகிவிட்டார். ஆனால் அவர் பெயரைப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்தியாவில் அந்தக் கம்பெனியின் டயர் தொழிற்சாலை 1936-ல் மேற்கு வங்கத்தின் சாகாகஞ்சில் தொடங்கியது. பின்னர் சென்னை அம்பத்தூரிலும் வந்தது. அம்பத்தூரில் டன்லப் என்பது இன்றைக்கும் ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகப் பலர் வாயில் வரும்.

காற்று கூடினால் என்ன நடக்கும்?

இப்போது அந்தப் பெட்ரோல் பங்குக்குத் திரும்புவோம். ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்கு சராசரியாக 300 கிலோ. 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், டயர் சாலையைத் தொடும் பரப்பு தோராயமாக 129 சதுர சென்டிமீட்டர். அதாவது ஒரு உள்ளங்கை அளவு. நான்கு சக்கரத்தையும் சேர்த்தால்கூட ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் நம் குடும்பத்தைச் சாலையில் பிடித்து வைத்திருப்பது இவ்வளவுதான்.

அதையே 45 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றினால் அந்தப் பரப்பு சுமார் 95 சதுர சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. கால் பங்குக்கும் மேல் போய்விட்டது. டயரின் விறைப்பையும் சேர்த்தால் உண்மை எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் திசை இதுதான். இதன் விளைவுகள் என்ன?

முதலாவது, பிடிமானம் குறையும். பிரேக் அடித்தால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடலாம், ஈரமான சாலையில் வழுக்கும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, டயரின் நடுப்பகுதி மட்டும் உப்பி சாலையில் உரசுவதால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். ஓரங்கள் புதிதாக இருக்கும், நடுவில் மட்டும் மொட்டையாக இருக்கும். உங்கள் டயர் இப்படித் தேய்ந்திருந்தால் காற்று கூடுதலாக அடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் மிக ஆபத்தானது. பள்ளம், உடைந்த தார், சாலையில் கிடக்கும் கல் ஆகியவற்றின் மேல் வேகமாக ஏறும்போது, ஏற்கெனவே விறைப்பாக இழுபட்டிருக்கும் டயரால் அமுங்கிக் கொடுக்க முடியாது. அடி முழுவதும் டயருக்குள் இருக்கும் இழைகளில் விழுகிறது. இழை அறுந்தால் பக்கவாட்டில் வீக்கம் வரும். அந்த வீக்கத்தோடு ஓட்டினால் வெடிக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், அளவு மீறிக் காற்றடித்த டயர், 1887-ல் டன்லப்பின் முற்றத்தில் பாதி வழியில் தள்ளாடி விழுந்த அந்தக் கெட்டிச் சக்கரத்தை நோக்கித் திரும்பிப் போகிறது. எதைத் தீர்க்க அவர் காற்றை அடைத்தாரோ, அதே சிக்கலை நாம் கூடுதல் காற்றால் திரும்ப வரவழைக்கிறோம்.

அப்படியானால் குறைத்து வைக்கலாமா? கூடாது. அது இன்னும் மோசம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது. சூடு ஏறிக்கொண்டே போய், கடைசியில் அடுக்குகள் பிரிந்துவிடும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது முக்கியமான காரணம். அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயர் பிரிந்து நடந்த விபத்துகளோடு 271 மரணங்களை அந்நாட்டு அரசு தொடர்புபடுத்தியது. டயரின் குறைபாட்டோடு, குறைவான காற்றழுத்தமும் அந்த விவாதத்தின் மையத்தில் இருந்தது.

அதன் பிறகுதான் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார் அமெரிக்கக் கார்களில் கட்டாயமானது. இந்தியாவில் 2020-ல் மாற்றப்பட்ட விதிப்படி, 3.5 டன் வரையிலான வாகனங்களில் ட்யூப்லெஸ் டயரும், இந்தச் சென்சாரும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே விற்கலாம். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அமெரிக்க விதி கேட்பது காற்று 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்று மட்டும்தான். கூடினால் எச்சரிக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. எனவே டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

வெயில் செய்யும் வேலை

காற்று சூடானால் அழுத்தம் கூடும். 25 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. இருந்த டயர் 45 டிகிரிக்குப் போனால் சுமார் 36 ஆகிவிடும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. டயர் தயாரிப்பவர்கள் இந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்தே அளவு சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், சூடான டயரை அளந்து, ஐயோ கூடிவிட்டதே என்று காற்றை இறக்கிவிடுவது. இரவில் டயர் குளிர்ந்ததும் அளவு குறைந்து, மறுநாள் காற்று குறைந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏறுவீர்கள்.

எனவே காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்போ, பங்க் பக்கத்தில் இருந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டிய உடனேயோ அளக்க வேண்டும். எண்ணை எங்கே பார்ப்பது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் அந்தத் தூணில் அல்லது கதவு விளிம்பில் ஸ்டிக்கர் இருக்கும், இல்லையென்றால் வண்டியின் கையேட்டில். ஆள் குறைவாக இருந்தால் ஒரு எண், முழு லோடு என்றால் வேறு எண் என்று அதிலேயே போட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அது நாம் அடிக்க வேண்டிய அளவு அல்ல. பலர் குழம்புவது இங்கேதான்.

நைட்ரஜன் அடித்தால் அளவு மீறினாலும் பரவாயில்லை என்பதும் தவறு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் அதுவும் ஏறக்குறைய இதே அளவுக்கு விரியும்.

மாதம் ஒரு முறை, நெடுந்தூரப் பயணத்துக்கு முன் ஒரு முறை, ஸ்டெப்னியையும் சேர்த்து. பங்கில் காத்து இலவசம். கையில் வைத்துக்கொள்ள ஒரு நல்ல அளவுக் கருவி சில நூறு ரூபாய். இந்தியச் சாலைகளில் 2022-ல் மட்டும் 1,68,491 பேர் விபத்தில் இறந்திருக்கிறார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்தச் சாலைகளில் ஓட்டும் நம் கையில் இருக்கும் சில விஷயங்களில், மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடியது இது.

கடைசி நாட்கள்

கம்பெனியை விட்டு வந்த பிறகு டன்லப் டப்ளினின் பால்ஸ்பிரிட்ஜ் பகுதியில் அமைதியாக வாழ்ந்தார். ஒரு துணிக்கடை நிறுவனத்தில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. 1921 அக்டோபரில் சளி பிடித்தது. உடல் வலு இல்லாதவன் என்று தன்னை நம்பிய அந்த மனிதர், எதிர்பாராத வகையில் அந்த மாதம் 23-ம் தேதி இறந்தார். டீன்ஸ் கிரேஞ்ச் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். காற்று டயரின் வரலாறு பற்றி அவர் எழுதி வைத்திருந்ததை மகள் பின்னர் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

வடக்கு அயர்லாந்தில் ஒரு வங்கி வெளியிட்ட 10 பவுண்டு நோட்டில் பிறகு அவருடைய முகம் வந்தது. இந்த முறை பகட்டுத் தொப்பியும் ஒற்றைக் கண்ணாடியும் இல்லை. வெள்ளைத் தாடியோடு, அவர் எப்படி இருந்தாரோ அப்படியே.